அறுநூறு சதுர அடி வீட்டுக்கு எந்த லென்ஸ்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வேலைக்கு வந்து போகிறவர். கணவர், மூன்று வயது மகள், எழுபத்தாறு வயது மாமனார், அறுநூறு சதுர அடி வாடகை வீடு. ஐந்து வருடத்துக்கு முன் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் நிக்கான் டி5600 கேமரா வாங்கிக் கொடுத்தார். அதோடு வந்த 18-55 ஜூம் லென்ஸைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறார். பகலில் படம் நன்றாக வருகிறது. சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு எடுத்தால் குழந்தை கலங்கிப்போகிறாள். ஃபிளாஷ் போட்டால் எல்லோர் முகமும் மாவு அப்பினாற்போல் ஆகிறது, மாமனார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் ஒன்று வாங்கி, வீடு, பஸ், மார்க்கெட், கோயில் கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் அதையே மாட்டி வைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். கையில் 15,000 ரூபாய். கணவர் "புதுசா 50 எம்.எம். வாங்கிடு" என்கிறார். அலுவலகத்தில் ஒருவர் தன் பழைய 50 எம்.எம். எஃப் 1.8 டி லென்ஸை 5,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். கல்யாணப் படம் எடுக்கும் சித்தி மகன், "85 வாங்குக்கா, பேக்ரவுண்ட் வெண்ணெய் மாதிரி கரையும்" என்கிறான். கடிதத்தின் கடைசி வரிகளை அப்படியே தருகிறேன்: "50 எம்.எம். மனிதக் கண் பார்ப்பதுபோல இருக்கும் என்று படித்தேன். அப்படியானால் அதுதானே சரி? 35 டி.எக்ஸ். என்று ஒன்று இருக்கிறதாம், அது வைடு லென்ஸா? டி.எக்ஸ். என்று போட்டிருந்தால் அந்தக் கணக்கெல்லாம் ஏற்கெனவே சரிசெய்துதானே போட்டிருப்பார்கள்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள் சார்."

அன்புள்ள சகோதரி,

ஒன்றே ஒன்றுதான் என்றால், நிக்கானின் ஏ.எஃப்-எஸ் டி.எக்ஸ். 35 எம்.எம். எஃப் 1.8 ஜி. இதோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அலுவலக நண்பருக்கு முன்பணம் ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் முதல் வேலையாக அதைத் திரும்பக் கேளுங்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கடைசியில் இருக்கும் அந்த "டி"

அந்த நண்பர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அது நல்ல லென்ஸ், நானே பல வருடம் வைத்திருந்தேன். ஆனால் உங்கள் கேமராவில் அதற்கு ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது.

இந்த மாதிரி ஏ.எஃப் "டி" லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. லென்ஸைக் கழற்றி அதன் பின்பக்க வளையத்தைப் பாருங்கள், ஸ்க்ரூ தலையில் இருப்பதுபோல ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். டி7000 வரிசைக் கேமராக்களில், மவுன்ட் வளையத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனைபோல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது இந்தப் பள்ளத்தில் பொருந்தி லென்ஸைச் சுழற்றும். உங்கள் டி5600-ல் அந்த முனை இல்லை. டி3000, டி5000 வரிசைகள் எதிலும் கிடையாது. அதனால் லென்ஸ் மாட்டும், வெளிச்சத்தையும் கணக்கிடும், படமும் எடுக்கும். ஃபோகஸை மட்டும் நீங்கள்தான் கையால் திருப்ப வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமனாரை அப்படி எடுத்துவிடலாம். மூன்று வயதுக் குழந்தையை எடுக்க முடியுமா? நீங்கள் திருப்பி முடிப்பதற்குள் அவள் அடுப்படிக்குப் போயிருப்பாள்.

நாளைக்கு மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினாலும் இதே சிக்கல்தான். பழைய லென்ஸை அதில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில், உள்ளேயே மோட்டார் உள்ள "ஏ.எஃப்-எஸ்" லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸ் ஆகும், மோட்டார் இல்லாத இந்த "டி" லென்ஸ்கள் ஆகாது. எனவே நிக்கான் லென்ஸ் எதை வாங்கினாலும் பெயரில் "ஏ.எஃப்-எஸ்" அல்லது "ஏ.எஃப்-பி" என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நண்பரிடம் மோட்டார் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் வாங்காவிட்டால் அடுத்தவர் தலையில் அது விழக்கூடாது இல்லையா?

கண் பார்ப்பதுபோல என்றால் எந்தக் கேமராவில்?

நீங்கள் படித்தது தப்பில்லை, பாதிதான் படித்திருக்கிறீர்கள். அந்தப் பேச்சு பழைய 35 எம்.எம். ஃபிலிம் காலத்தது. அந்த ஃபிலிமின் ஒரு சட்டம் 36-க்கு 24 மில்லிமீட்டர், அதன் மூலைவிட்டம் சுமார் 43 மில்லிமீட்டர். இதற்குப் பக்கத்தில் குவியத்தூரம் (லென்ஸில் போட்டிருக்கும் எம்.எம். எண்) உள்ள லென்ஸ், விரியவும் நீட்டவும் செய்யாமல் இயல்பாகத் தெரியும். 50 எம்.எம். அப்படித்தான் "நார்மல்" ஆனது.

உங்கள் கேமராவில் ஃபிலிமுக்குப் பதிலாக இருக்கும் சென்சார் அதைவிடச் சின்னது, அகலம் 23.5 மில்லிமீட்டர்தான். அதனால் 50 எம்.எம். லென்ஸ் உங்களுக்குக் காட்டும் காட்சி, ஃபிலிமில் 75 எம்.எம். காட்டுகிற அளவுக்குக் குறுகிவிடும். 35 எம்.எம். போட்டால் 52-க்குச் சமம். அதாவது உங்கள் கைக்கு 35-தான் நார்மல், வைடு இல்லை.

டி.எக்ஸ். பற்றிய சந்தேகம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு உண்டு. லென்ஸில் போட்டிருக்கும் எண் குவியத்தூரம். எந்தக் கேமராவில் மாட்டினாலும் அது மாறாது, யாரும் சரிசெய்து போடுவதில்லை. டி.எக்ஸ். என்பதற்கு, சின்ன சென்சாரை மூடுகிற அளவு பிம்பத்தைத் தரும் லென்ஸ் என்பதுதான் பொருள். நம்பிக்கை வரவில்லையா? உங்கள் 18-55-ஐ 35-ல் நிறுத்திப் பாருங்கள். புது 35-ம் அதே அகலத்தைத்தான் காட்டும்.

நம் ஊர்க் கதை ஒன்று இதற்குப் பொருத்தமாக இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து, ஆசிரமத்தில் அரவிந்தரையும் அன்னையையும் படமெடுத்தார். அதே டிசம்பரில் அரவிந்தர் காலமானார். கார்த்தியே-பிரெசோன் வாழ்நாளில் பெரும்பாலும் லைகா கேமராவில் 50 எம்.எம். போட்டே சுற்றியவர். அவரைச் சொல்லித்தான் இன்றைக்கும் பலர் 50-ஐ விற்கிறார்கள். அவர் பார்த்த அகலத்தில் நீங்கள் பார்க்க வேண்டுமானால், 50-ஐ ஒன்றரையால் வகுங்கள். 33 வரும். கடையில் கிடைப்பது 35.

டேப் எடுத்து அளந்து பாருங்கள்

லென்ஸ் விமர்சனங்களில் கூர்மை, வண்ணம் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நான் முதலில் கேட்பது, உங்கள் ஹாலின் நீளம் எத்தனை அடி? நீங்கள் எழுதவில்லை. அறுநூறு சதுர அடி வீட்டில் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்கிறேன். சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் எதிரில் இருப்பவர் சுமார் பத்தடியில் இருப்பார்.

அந்தப் பத்தடித் தூரத்தில் 35 எம்.எம். காட்டும் அகலம் சுமார் ஆறரை அடி. ஊஞ்சலோ சோபாவோ, அதில் தாத்தாவும் பேத்தியும், பக்கத்தில் சிதறிய பொம்மைகளும் சட்டத்துக்குள் வரும். 50 எம்.எம். காட்டுவது நாலரை அடி. இரண்டு பேர் வருவார்கள், வீடு வராது. சித்தி மகன் சொல்லும் 85 காட்டுவது இரண்டே முக்கால் அடி. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க 85-க்கு இருபது அடி பின்னால் போக வேண்டும். உங்கள் வீட்டில் அது வாசலைத் தாண்டித் தெருவில் வந்து நிற்கும்.

நானும் இதில் சிக்கியவன்தான். ஸ்டூடியோ தொடங்கிய புதிதில் ஆசைப்பட்டு ஒரு 85 வாங்கினேன். கல்யாண மண்டபத்தில் அருமையாக இருந்தது. என் மகன் தவழ ஆரம்பித்தபோது அதை வைத்து ஒரு படமும் தேறவில்லை. அவன் என்னை நோக்கியே தவழ்ந்து வருவான், நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசியில் பீரோவில் முட்டிக்கொள்வேன்.

என் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு வழியில் நீங்களே சோதிக்கலாம். முதலாவது, கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய படங்களில் உங்களுக்குப் பிடித்த ஐம்பதை எடுத்து, ஒவ்வொன்றின் விவரத்தையும் திறந்து குவியத்தூரம் என்ன என்று பாருங்கள். பெரும்பாலானவை எந்த எண்ணைச் சுற்றி நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஜூம் வளையத்தை 35-ல் நிறுத்தி மேலே செலோடேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் அப்படியே எடுங்கள், அடுத்த வாரம் 50-ல். பஸ் ஸ்டாண்டிலும் குபேர் மார்க்கெட்டிலும் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் எடுங்கள். எந்த வாரம் எரிச்சல் குறைவாக இருந்ததோ அதுதான் உங்கள் லென்ஸ். செலவு ஒரு டேப்.

இந்தச் சோதனையில் 50 ஜெயித்தால் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், தாராளமாக 50 எஃப் 1.8 ஜி வாங்குங்கள். அதில் மோட்டார் உண்டு. முகங்களைத் தனியாக எடுப்பதே உங்கள் விருப்பம் என்றால் அது நல்ல லென்ஸ். ஆனால் அது 45 சென்டிமீட்டருக்கு இப்பால் ஃபோகஸ் ஆகாது. 35 முப்பது சென்டிமீட்டர் வரை வரும். மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை எடுக்க இந்த வித்தியாசம் பெரிது.

24, 28 என்று இன்னும் அகலமாகப் போகலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். உங்கள் போனின் முதன்மைக் கேமராவே, இந்தக் கேமராவில் அவை காட்டுவதைவிட அகலமாகக் காட்டுகிறது. கையில் இருப்பதையே இன்னொரு முறை காசு கொடுத்து வாங்குவானேன்?

சாயங்காலக் கலக்கம்

18-55-ல் வி.ஆர். இருந்தும் ஏன் படம் கலங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். வி.ஆர். உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் சரிசெய்யும், குழந்தையின் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். உங்கள் ஜூமை 35-ல் வைத்தால் அதன் வாய் சுமார் எஃப் 4.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிதாகும்). பிரைமில் எஃப் 2 வைத்தால் ஐந்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஜூமில் ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்காக இருந்த ஷட்டர், அதே ஐ.எஸ்.ஓ.வில் (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவில்) நூறில் ஒரு பங்காகும். நீங்கள் வாங்குவது இந்த ஐந்து மடங்கைத்தான். மற்றபடி பிரைம் போட்டதும் படம் தானாக அழகாகிவிடாது.

நூறில் ஒரு பங்கு என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் வினாடிக்கு நூறு தடவை மினுக்கும். அதைவிட வேகமாக ஷட்டர் வைத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும் வரலாம், பாதிச் சட்டம் இருண்டுபோகலாம். சில எல்.இ.டி. பல்புகளும் இந்தச் சேட்டை செய்யும். எனவே வீட்டுக்குள் 1/100, அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் வாய், எஃப் 2 அல்லது 2.8, ஐ.எஸ்.ஓ. ஆட்டோ. 3200 வரை ஏறினாலும் பயப்படாதீர்கள். பொரிபொரியாக வந்த படத்தைப் பார்க்கலாம், கலங்கிய படத்தை என்ன செய்ய?

1.8-லேயே வைத்து எடுக்கும் ஆசை முதல் மாதம் எல்லோருக்கும் வரும். 35-ல் ஐந்தடித் தூரத்தில் 1.8 வைத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 13 சென்டிமீட்டர்தான். பேத்தியின் கண் கூர்மையாக இருக்கும், பின்னால் இருக்கும் தாத்தா வெறும் வெள்ளை வேட்டியாகத் தெரிவார். இரண்டு பேர் என்றால் 2.8, மூன்று நாலு பேர் என்றால் 4. வெண்ணெய் மாதிரி கரைந்த பேக்ரவுண்டில் உங்கள் வீடும் சேர்ந்துதான் கரைகிறது. இருபது வருடம் கழித்து மகள் அந்தப் படத்தில் தேடப்போவது அந்த ஹாலின் காலண்டரையும் கொசுவலையையும்தான் என்பது என் கட்சி.

ஃபோகஸ் புள்ளியை ஒற்றைப் புள்ளியாக வைத்துக் கண்ணில் நிறுத்துங்கள். குழந்தை ஓடும்போது, நகர்வதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் ஏ.எஃப்-சி. இந்த 35-ல் வி.ஆர். கிடையாது, ஆகவே அசையாத பொருளுக்கும் 1/60-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

எங்கே இது உதவாது

திருவந்திபுரம் கோயில் கல்யாணங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முகூர்த்த நாளில் அங்கே கூட்டம் நெரியும். பக்கத்தில் நின்று தாலி கட்டுவதை எடுக்க 35 போதும். இருபது பேர் நிற்கும் குடும்பப் படத்துக்கு இடம் போதாது, அதற்கு உங்கள் 18-55-ஐயே மாட்டி 18-ல் எடுங்கள். அதனால் பழைய லென்ஸை விற்காதீர்கள், விற்றாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. கடலுக்குள் நிற்கும் படகு, தேர் மேல் இருக்கும் சாமி, இதெல்லாம் 35-க்கு எட்டாது. விட்டுவிடுங்கள்.

நகை, பூ, சாப்பாடு என்று மிக நெருக்கத்தில் எடுப்பவராக இருந்தால் 40 எம்.எம். எஃப் 2.8 மைக்ரோவைச் சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அதெல்லாம் இல்லை.

பில்லும் உப்புக்காற்றும்

புதிதாக வாங்கினால், லென்ஸின் சீரியல் எண் போட்ட ஜி.எஸ்.டி. பில்லும் இந்திய வாரன்டி கார்டும் கேட்டு வாங்குங்கள். "பில் இல்லாமல் ஆயிரம் குறைச்சல்" என்றால் அந்த ஆயிரத்தை விட்டுவிடுங்கள். பொருளில் குறை இருந்து கடைக்காரர் கைவிரித்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூரிலேயே, நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கடை புதுச்சேரியில் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். ஐந்து லட்சம் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. 1915-ஐ அழைத்தாலும் வழி சொல்வார்கள். தெரிந்தவரிடம் பழைய லென்ஸ் வாங்கும்போது இந்தப் பிடி எதுவும் இல்லை, அங்கே உங்கள் கண்தான் வாரன்டி.

பழைய 35 விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். இருட்டறையில் லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசி நாலைந்து தெரிந்தால் குற்றமில்லை. சிலந்திவலை நூல்போல, வேர் ஓடியதுபோல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, கீழே வைத்துவிடுங்கள். பிறகு கேமராவில் மாட்டிப் பக்கத்திலும் தூரத்திலும் மாற்றி மாற்றி ஐம்பது தடவை ஃபோகஸ் செய்யுங்கள். தடுமாறினாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ வேண்டாம்.

நம் கடலோரத்தில் லென்ஸைக் கெடுப்பது கீறல் அல்ல, ஈரம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்ததும் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது என்னுடைய அந்த 85 தோல் உறையோடு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருந்தது. பொங்கல் முடிந்து எடுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை நூல் ஓடியிருந்தது. துணியும் தோலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள், ரொட்டி டப்பாவே போதும். அதில் சிலிக்கா ஜெல் பைகளைப் போடுங்கள். நிறம் மாறும் வகையாக இருந்தால் எப்போது காய வைக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். நாற்பதிலிருந்து ஐம்பது சதவீத ஈரப்பதம் இருந்தால் நல்லது. வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்துப் படம் எடுங்கள்.

தேவனாம்பட்டினத்திலும் இங்கே புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் காற்று அடிக்கும்போது லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முன்கண்ணாடியை முந்தானையால் துடைக்கவும் வேண்டாம், உப்பும் மணலும் சேர்ந்து கீறிவிடும். முதலில் காற்றூதும் ரப்பர் பல்பால் ஊதுங்கள், பிறகு லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணி. 52 எம்.எம். அளவில் ஒரு ஃபில்டர் மாட்டி வைத்தால் கடற்கரையில் மனது நிம்மதியாக இருக்கும்.

சித்தி மகனிடம் ஒன்று கேளுங்கள். அவனிடம் இருக்கும் 85-ம் ஏ.எஃப்-எஸ் தானா? ஆம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்குங்கள். மாமனாரைத் திண்ணையில் உட்கார வைத்து, நீங்கள் எதிர்ச்சாரியில் நின்று, சாயங்காலம் ஐந்தரை மணி வெயிலில் பத்துப் படம் எடுங்கள். ஃபிளாஷ் இல்லாததால் அவர் முகத்தைத் திருப்ப மாட்டார். எடுத்து முடித்ததும் மறக்காமல் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.